மண் பாட்டில்களோடு ஒரு வண்டி

பல வருடங்களுக்கு முன்னால் கூட வேலை பார்த்த ஒருவர் திடீரென்று போன் போட்டு, "உன்னைப் பார்க்க வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறேன்" என்றால் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ தெரியாது. இவருக்கு என்ன வேண்டியிருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். சும்மா பார்த்துவிட்டுப் போவதற்கு யாராவது கண்டம் தாண்டி வருவார்களா? என் தங்கச்சி மாப்பிள்ளை பட்டுக்கோட்டையில்தான் இருக்கிறார். காரியம் இல்லாமல் அவர் என் வீட்டுப் படி ஏறியது கிடையாது.

ஹென்க் ஹாலந்துக்காரர். ஓமன் பாலைவனத்தில் எண்ணெய்க்காகத் துளை போடும் முகாம் ஒன்றில் அவர் என்ஜினீயர், நான் ஸ்டோர் கீப்பர். போல்ட், நட்டு, கையுறை, சோப்பு, எது வேண்டுமானாலும் என் ஜன்னலுக்குத்தான் வர வேண்டும். மற்ற வெள்ளைக்காரர்கள் ஆள் அனுப்புவார்கள். ஹென்க் தானே வருவார், நின்று பேசுவார், என் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் குடிப்பார். பழக்கம் அவ்வளவுதான். நான் வேலையை விட்டு ஊருக்கு வந்த பிறகு நோன்புப் பெருநாளைக்கு அவரிடமிருந்து ஒரு வாழ்த்து, கிறிஸ்துமஸுக்கு என்னிடமிருந்து ஒரு வாழ்த்து. அதுவும் நடுவில் நின்றுபோயிருந்தது.

இப்போது அவர் ரிட்டையர் ஆகிவிட்டார். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி ஒன்றை வாங்கி, துருக்கி, ஈராக், வளைகுடா என்று ஆற அமர ஓட்டி வந்து, அதைக் கப்பலில் ஏற்றி இந்தியாவில் இறக்கியிருக்கிறார். கூட ஒரு நாய். நாய்க்கு எத்தனை ஊசி, எத்தனை காகிதம் என்று அவர் விளக்க ஆரம்பித்தபோது நான் பேச்சை மாற்றினேன்.

"தஞ்சாவூருக்கு வந்துவிடு. அங்கேயிருந்து உன் ஊருக்குச் சேர்ந்து போவோம். அவசரமே வேண்டாம்" என்றார். தஞ்சாவூரிலிருந்து முத்துப்பேட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் பஸ்ஸில் அரை நாள்கூட ஆகாது. அந்தத் தூரத்தை நாள்கணக்கில் போக வேண்டும் என்று ஒருவர் சொன்னால், வழியில் அவருக்கு ஏதோ பார்க்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் பக்கத்து நிலவரத்தையும் சொல்லிவிட வேண்டும். தெரியாத வண்டி ஒன்று வயலோரம் நின்றால் இங்கே ஊரே கூடிவிடும். மீத்தேன் எடுக்கப் போகிறார்கள், எண்ணெய் எடுக்கப் போகிறார்கள், வயலுக்குள் குழாய் இறங்கப் போகிறது என்று பயந்து, பந்தல் போட்டு உட்கார்ந்து, தூக்கம் கெட்ட ஊர்கள் இவை. எனக்கும் கொஞ்சம் நிலம் உண்டு. நானும் பந்தலில் உட்கார்ந்தவன்தான். பாலைவனத்தில் துளை போட்ட கம்பெனியின் சம்பளத்தில் வாங்கிய நிலத்தில் யாரும் துளை போடக் கூடாது என்று கோஷம் போட்டேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட இடத்துக்கு, துளை போட்டே தலை நரைத்த மனிதர் வாய்க்கால் வாய்க்காலாகச் சுற்ற வருகிறார்.

என் மனைவி மெஹருக்கு வேறு கவலை. "நாயும் அதே வண்டியிலயாங்க?" என்றாள். "அது வாய் வச்ச தட்டுல சாப்புட்டுட்டு வந்துராதீங்க. பட்டுச்சுன்னா எப்புடிக் கழுவணும்னு தெரியும்ல?"

தெரியும் என்றேன்.

தஞ்சாவூர் பஸ் நிலையத்துக்கு வெளியே வண்டியைச் சுற்றி நல்ல கூட்டம். சினிமாக்காரர்களின் கேரவனைப் பார்த்துப் பழகிய ஜனம். "என்ன படம்ங்க? ஹீரோ உள்ள இருக்காரா?" என்று என்னையே ஒருவர் கேட்டார். கதவு திறந்தது. அரைக்கால் சட்டையும் வெள்ளைத் தாடியுமாக ஹென்க் இறங்கினார். அவருக்குப் பின்னால் கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு பழுப்பு நாய் தலையை நீட்டியது. கூட்டம் ஏமாந்து கலைந்தது.

ஹென்க் என்னைக் கட்டிக்கொண்டார். நான் நாயைப் பார்த்துக்கொண்டே கட்டிக்கொண்டேன். அதன் பெயர் கோஸாம். அவர் ஊரில் அது ஆண்பிள்ளைக்கு வைக்கிற பெயர். "முட்டகோஸா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். அதன் பிறகு அந்த வட்டாரம் முழுக்க அதற்கு முட்டகோஸ் என்றே பெயர் ஆகிவிட்டது. நாயும் திரும்பிப் பார்த்தது.

வண்டிக்குள் நாய்க்கும் முன் இருக்கைக்கும் நடுவே கெட்டியான வலை கட்டியிருந்தது. வலை புதிது. என் இருக்கையில் சலவை செய்த துணி விரித்திருந்தது. இவ்வளவு ஏற்பாடு செய்கிறார் என்றால் பதிலுக்கு என்ன கேட்பாரோ என்று கணக்குப் போட்டபடி ஏறி உட்கார்ந்தேன்.

அந்த வண்டியில் ஸ்டியரிங் இடப்பக்கம். அதாவது நம் ஊரில் டிரைவர் உட்காரும் வலப்பக்கத்தில் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பள்ளியக்ரஹாரம் தாண்டியதும் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். நேராக என் ஜன்னலுக்கு வந்து லைசென்ஸ் கேட்டார்.

"நான் ஓட்டலைங்க."

"பின்ன யாரு ஓட்டுறா? பின்னாடி நிக்கிற நாயா?"

அந்தப் பக்கம் இருந்து ஹென்க் கையை ஆட்டினார். போலீஸ்காரர் சுற்றிப்போய்க் காகிதங்களைப் பார்த்தார். திரும்பி என்னிடமே வந்து, "இவருக்கு நீங்க யாரு?" என்று கேட்டார். நண்பர் என்றேன். சொல்லும்போது எனக்கே அது பொருந்தாத சட்டை மாதிரி இருந்தது.

இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு முன்னால் போகும் லாரியைத் தாண்டி எதுவும் தெரியாது. எதிரே வண்டி வருகிறதா என்று நான்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். "இரு", "இரு", "இப்போ போ." நான் "போ" என்றால் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவார். தனியார் பஸ்கள் பறக்கும் கும்பகோணம் ரோட்டில், என் ஒரு வார்த்தையை நம்பி இந்த மனிதர் உயிரைக் கொடுக்கிறாரே என்று நினைத்தேன். அப்புறம், உள்ளே நானும்தானே உட்கார்ந்திருக்கிறேன், வேறென்ன செய்வார் என்றும் நினைத்தேன்.

பாபநாசத்துக்கு முன்னால் அவருக்கு மெயின் ரோடு சலித்துவிட்டது. வாய்க்கால் கரையில் போகும் ஒற்றைத் தார் ரோட்டில் திருப்பினார். சம்பா அறுவடை நேரம். ரோட்டில் பாதிக்கு நெல் காய்ந்தது. மீதிப் பாதியில் எதிரே ஒரு அறுவடை மெஷின் வந்து நின்றது. இரண்டு பக்கமும் இடமில்லை. மெஷின் டிரைவர் சேலத்துப் பக்கத்து ஆள். இறங்கி வந்து, "அண்ணே, உங்க வீட்டை எடுத்துட்டுப் பின்னாடி போங்க. எனக்கு மணிக்கணக்குல வாடகை ஓடுது" என்றார். வீட்டைப் பின்னால் எடுப்பதற்குள் நெல் காயவைத்த பெண்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். ஹென்க்குக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டே பின்னால் போனார்.

மெஷின் போன பிறகு அவர் இறங்கி வயல் ஓரத்தில் உட்கார்ந்தார். ஒரு கட்டி மண்ணை எடுத்து விரலால் நசுக்கினார், முகர்ந்தார். "இங்கே களிமண் எவ்வளவு ஆழம் போகும்?" என்றார். தெரியாது என்றேன். "உரமும் மருந்தும் படாத மண் எங்கே கிடைக்கும்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "எதற்கு?"

"சும்மா, தேவைப்படும்" என்று எழுந்து கையைத் தட்டினார்.

பாபநாசத்தில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். வாழை இலையில் சாம்பார், வாழைப்பூ வடை, ரசம். ஹென்க் ரசத்தைக் கையில் ஏந்திக் குடித்தார். முகாமில் நான் சொல்லிக் கொடுத்தது. அதை அவர் மறக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் மகிழ்ச்சிதான். ஆனால் மகிழ்ச்சி வேறு, சந்தேகம் வேறு. இரண்டும் ஒரே இலையில் இருக்க முடியும்.

ஒரு ரைஸ்மில் முதலாளி தன் களத்தில் வண்டியை நிறுத்த விட்டார். காலையில் நான் தொழுதுவிட்டு வரும்போது வண்டிக்குப் பின்னால் ஹென்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஒரு பாட்டிலிலிருந்து எதிரே இருந்த பாத்திரத்தில் மண்ணைக் கொட்டினார். தண்ணீர் ஊற்றினார். சுழற்றினார். கிட்டே வைத்துப் பார்த்தார். நான் வரும் சத்தம் கேட்டதும் சட்டென்று எழுந்து பாத்திரத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "குட் மார்னிங், கமால்" என்றார். முகாம் லேபில் மண்ணைக் கரைத்துப் பார்ப்பவர்களை நான் தினமும் பார்த்திருக்கிறேன். எனக்குக் காது குத்தப் பார்க்கிறார் என்று தோன்றியது.

அன்று சுவாமிமலைக்குப் போனோம். சிலை வார்க்கும் பட்டறை ஒன்றில் ஹென்க் சிலையைப் பார்த்ததைவிட, மெழுகு உருவத்தின் மேல் பூசுகிற ஆற்று வண்டல் மண்ணைத்தான் அதிகம் பார்த்தார். கல் இல்லை, தூசி இல்லை, மைதா மாவு மாதிரி இருக்கும். கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார். பட்டறைக்காரர், "மண்ணுதானேங்க, அள்ளிக்கிட்டுப் போங்க" என்று பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். சிலை வாங்குவார் என்று எதிர்பார்த்திருப்பார் பாவம். ஹென்க் அந்தப் பையை நகைக்கடைப் பை மாதிரிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

கும்பகோணத்தில் நாய்க்கு ஏதோ வாங்க அவர் கடைக்குப் போன நேரத்தில், என் இருக்கைக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்துவிட்டேன். செய்யக் கூடாத காரியம்தான். உள்ளே வரிசையாகக் கண்ணாடி பாட்டில்கள். எல்லாவற்றிலும் மண். செம்மண், வெளிர் மணல், கறுப்பு மண். ஒவ்வொன்றிலும் ஊர்ப் பெயரும் தேதியும் ஒட்டியிருந்தன. துருக்கி ஊர்கள், பஸ்ரா, நிஸ்வா, ரத்தினகிரி. கடைசியில் பாபநாசம், சுவாமிமலை. பெட்டியை மூடிவிட்டு உட்கார்ந்தேன். ஹென்க் திரும்பி வந்ததும் காபி குடிக்கப் போனோம். டிகிரி காபி என்று ஊரே கொண்டாடும் காபி எனக்கு அன்று வெந்நீராக இறங்கியது.

கேட்டிருக்கலாம். கேட்டால் ஒரு பொய் வரும், அந்தப் பொய்யை நான் நம்ப வேண்டியிருக்கும் என்று கேட்கவில்லை.

வலங்கைமானில் ஓர் அம்மாள் வண்டிக் கதவைத் தட்டி, "கண்ணு பாக்குற வண்டிதானேங்க? இடது கண்ணு மங்கலா இருக்கு" என்றார். இது அந்த வண்டி இல்லை என்றேன். "அப்ப எதுக்குங்க இம்மாம்பெரிய வண்டி?" என்று கேட்டார். ஹென்க் அவருக்கு ஒரு நாற்காலி போட்டு டீ கொடுத்தார். டீ கொடுக்கும் முன் அந்தக் கோப்பையை வண்டிக்குப் பின்னால் எடுத்துப் போய் வெகுநேரம் கழுவினார். அம்மாள் டீ ஆறிவிடும் என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

அன்றைய வழியெல்லாம் ஹென்க் பேசிக்கொண்டே வந்தார். அவர் ஊரிலும் இப்படித்தான், கண்ணுக்கெட்டின தூரம் சமதளம், வாய்க்கால், மதகு. அங்கே தண்ணீரை வெளியே தள்ளுவதுதான் பாடு, இங்கே உள்ளே கொண்டுவருவதுதான் பாடு என்றார். மதகு ஒன்று விடாமல் இறங்கிப் பார்த்தார். ஷட்டர் திருகுகிற ஆள், "ஆத்துல தண்ணி வேணும்னா இவரு ஊருலேர்ந்து கொஞ்சம் தள்ளிவுடச் சொல்லுங்க பாய்" என்றார். மொழிபெயர்த்தேன். ஹென்க் வாய்விட்டுச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் மன்னார்குடி தாண்டி, திருத்துறைப்பூண்டிக்கு முன்னால் ஒரு ஊரில் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். அறுத்த வயலில் உளுந்து பச்சையாக எழும்பியிருந்தது. ரோட்டோரம் புங்க மரத்தடி நிழல். ஹென்க் வண்டியின் பக்கவாட்டிலிருந்து துணிப் பந்தலை இழுத்து, அதன் கயிறுகளுக்கு வயல் வரப்பில் இரும்பு முளைகளை அடித்தார். யாரும் தடுக்கி விழக் கூடாது என்று ஒவ்வொரு முளையிலும் சிவப்புத் துணி கட்டினார். கோஸ் வரப்பை முகர்ந்து முகர்ந்து ஒரு குழி தோண்டியது. நான் மடக்கு மேஜையில் மீன் குழம்புச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் காட்சியைத் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளைக்காரன், சிவப்புக் கொடி கட்டிய முளை, குழி.

"ஹென்க், முளையைப் பிடுங்கு" என்றேன். அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

ஆண்களும் பெண்களுமாக ஒரு கூட்டம். முன்னால் வந்தவர் நாற்பது வயது இருக்கும் ஒரு பெண். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருந்தார், கையில் களைக்கொத்து. பெயர் வளர்மதி என்று பிறகு தெரிந்தது. அந்த உளுந்து வயல் அவருடையது.

"யாரைக் கேட்டு முளை அடிச்சீங்க?"

"சாப்பிட நிறுத்தினோம்மா. பந்தலுக்குத்தான்" என்றேன்.

"போன தடவை வந்தவனும் சாப்புடத்தான் நிறுத்துனேன்னான். மறுவாரம் மெஷின் வந்து நின்னுச்சு." அதற்குள் ஒருவர் வண்டிக்குள் ஏறி, என் இருக்கையடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். வளர்மதி ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து, ஒட்டியிருந்ததைப் படித்தார். "பாவநாசம். சுவாமிமலை. ஊரு ஊரா மண்ணு எடுத்திருக்கான். மீத்தேன்காரன்தான்!"

கூட்டம் நெருங்கியது. ஒருவர் போலீசைக் கூப்பிடலாம் என்றார். இன்னொருவர் முதலில் டயரைக் குத்து என்றார். ஹென்க் என்னைப் பார்த்தார். வளர்மதியும் என்னைப் பார்த்தார்.

"பாய், உங்களைப் பாத்தா நம்ம பக்கத்து ஆளாத் தெரியுது. நீங்க சொல்லுங்க, நான் நம்புறேன். இவரு யாரு? என்னா வேலை பாத்தவரு?"

பள்ளிக்கூட வாத்தியார் என்ற வார்த்தை என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொன்னால் விட்டிருப்பார்கள். ஆனால் நாளைக்கு இந்த உளுந்து வயலில் ஒரு குழாய் இறங்கினால், அதற்கு வழிகாட்டியது நான் என்று ஆகிவிடும். நான் ஒன்றும் ஹரிச்சந்திரன் இல்லை. எனக்கே அவர் மேல் நம்பிக்கை இல்லை, அதனால்தான் உண்மை வந்தது.

"எண்ணெய்க் கெணறு தோண்டுற வேலை பாத்தவரு. ஓமன்ல. அதே எடத்துல நானும் வேலை பாத்தேன்" என்றேன். "இந்த மண்ணு எதுக்குன்னு எனக்குத் தெரியாது."

ஒரே இரைச்சல். யாரோ என் சட்டையைப் பிடித்தார்கள். "கூட்டிக் குடுக்க வந்தியா?" என்று ஒரு குரல். ஹென்க்குக்கு வார்த்தை புரியாவிட்டாலும், நான் அவரை விட்டுத் தள்ளி நின்றுவிட்டேன் என்பது புரிந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அந்தக் களேபரத்தில் ஒருவரும் கோஸைப் பார்க்கவில்லை. அது மேஜையில் முன்னங்காலை வைத்து, நான் பாதியில் விட்ட தட்டை நிதானமாக நக்கிக்கொண்டிருந்தது.

ஹென்க் பார்த்துவிட்டார். "நோ! கோஸ், நோ!" என்று கத்திக்கொண்டு கூட்டத்தை விலக்கி ஓடினார். சுற்றி நிற்கிறவர்கள், குத்தப்படப் போகும் டயர், எதுவும் அவருக்கு ஞாபகத்தில் இல்லை. தட்டைப் பிடுங்கினார். நேராக வளர்மதியிடம் வந்து, அவர் கையில் இருந்த சுவாமிமலை பாட்டிலுக்காகக் கையை நீட்டி, "ப்ளீஸ்" என்றார். அந்த அம்மாள் திகைத்துப்போய்க் கொடுத்துவிட்டார்.

ஹென்க் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மிச்சச் சோற்றைத் தள்ளினார். தட்டில் மண்ணைக் கொட்டி, தண்ணீர் விட்டுக் குழைத்து, விளிம்பு, அடி என்று ஓர் இடம் விடாமல் தேய்த்தார். கழுவி ஊற்றினார். மறுபடி தண்ணீர். மறுபடி. ஒவ்வொரு முறையும் தட்டை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். பாபநாசத்தில் நான் பார்த்த அதே சுழற்றல், அதே உற்றுப் பார்ப்பு.

வளர்மதி உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். கடைசித் தண்ணீரை ஊற்றியதும், "ஏழு" என்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னா பாய், இது உங்க வீட்டு வழக்கம்ல? எங்க தெருவுல இருக்குற ஜமீலாக்கா செய்யும். நாய் வாய் வச்சுட்டா மண்ணு போட்டு ஒரு தடவை, அப்பறம் தண்ணியா ஆறு தடவை. உங்களுக்குத் தெரியலையா?"

பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று இருந்தது. மதரஸாவில் ஓதிய பையன், ஐந்து வேளை தொழுகிறவன், கிளம்பும்போது மனைவி வேறு சொல்லி அனுப்பியிருக்கிறாள். மண்ணும் தண்ணீரும் தட்டும் கண்ணெதிரே இருந்தும் எனக்கு மீத்தேன்தான் தெரிந்தது.

"ஹென்க், எல்லா பாட்டிலும் இதற்குத்தானா?" என்று கேட்டேன்.

"வேறு எதற்கு?" என்றார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "முகாமில் அந்தத் தெரு நாய் உன் தட்டை நக்கியபோது நீ மணலை வைத்துக் கழுவினாயே. நான் பக்கத்தில் நின்று கேட்டேன், நீ சொல்லிக் கொடுத்தாய். வழியெல்லாம் ஜனங்கள் என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பதிலுக்கு நான் வண்டிக்குள் கூப்பிட்டால் நாயைப் பார்த்துத் தயங்கினார்கள். இந்த மாதிரிக் கழுவித்தான் கொடுக்கிறேன் என்றேன், உட்கார்ந்து குடித்தார்கள். அந்தந்த ஊரில் மண்ணை நிரப்பிக்கொண்டேன். பெயர் ஒட்டுவது வேலைப் பழக்கம்."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை? மறைத்தாயே?"

"பொதுவாகச் சொல்வது வேறு. நீ சாப்பிடப் போகிற தட்டு நாய் நக்கிய தட்டு என்று உன்னிடம் சொல்லிக்கொண்டா கழுவுவார்கள்?"

இதை நான் தமிழில் சொன்னேன். சட்டையைப் பிடித்தவர் கையை எடுத்து, கசங்கிய இடத்தைத் தடவி விட்டார்.

வளர்மதி அவ்வளவு சுலபத்தில் இளகவில்லை. "தட்டு கழுவுன கைதான், ஒத்துக்குறேன். கெணறு தோண்டுன கையும் இதுதானே?" என்றார். அவர் தீர்ப்புப்படி முளைகளைப் பிடுங்கினோம், குழியை மூடினோம். நம் பக்கத்தில் எடுத்த மண் முழுவதையும் வரப்பிலேயே கொட்டச் சொன்னார். ஹென்க் மறுபேச்சில்லாமல் கொட்டினார். பிறகு வளர்மதி வண்டியையும் என்னையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து, என் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டார். "நாளைக்கு ஏதாவது மெஷினு வந்துச்சுன்னா, உங்க வீட்டு வாசல்ல வந்துதான் பாய் உக்காருவோம்."

"வாங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

திருத்துறைப்பூண்டி தாண்டினோம். முன்னால் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்து போனது. ஹென்க் வழக்கம் போல என் வாயைப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவரைக் கூட்டத்தில் விட்டுத் தள்ளி நின்றவன் நான். "போ" என்றேன். ஏறிவிட்டார்.

அதன் பிறகுதான் மன்னிப்புக் கேட்க முடிந்தது. "நீ உண்மையைத்தானே சொன்னாய்" என்றார். எனக்கு அது போதவில்லை. உள்ளே இருந்த கடைசிக் கேள்வியையும் கேட்டுவிட்டேன். "கம்பெனி அந்தக் காலத்தில் உன்னை இங்கே அனுப்பியிருந்தால்?"

"வந்திருப்பேன்" என்றார். "அந்தப் பெண்மணியைக் கேட்டிருக்க மாட்டேன். யாரையும் கேட்டிருக்க மாட்டேன்."

அப்போது அவர் மேல் எனக்கு வந்த மரியாதை, ஓமனில் இருந்த வருடங்களில் வந்ததில்லை.

வீட்டில் மெஹர் தூக்கி எறிகிற காகிதத் தட்டு ஒரு கட்டு வாங்கி வைத்திருந்தாள். கோஸை வாசல் வேப்ப மரத்தில் கட்டினோம். நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன். காகிதத் தட்டுக் கட்டை எடுத்து அலமாரிக்கு மேலே போட்டாள். கல்யாணத்துக்கு அவள் வீட்டில் கொடுத்த பீங்கான் தட்டில் ஹென்க்குக்கு நெய்ச்சோறு வைத்தாள். அவர் ஊருக்குக் கிளம்பிய அன்று, கழுவிக் காயவைத்த காலி பாட்டில் ஒன்றை அவரிடம் கேட்டு வாங்கினாள். கொல்லையில் கிணற்றடிக்கு அந்தப் பக்கம், உரம் காணாத மண்ணைத் தோண்டி, சலித்து, நிரப்பிக் கொண்டுவந்தாள்.

"நம்ம ஊரு பேரை எழுதி ஒட்டச் சொல்லுங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் வளர்மதியிடமிருந்து போன். "வண்டி எங்க ஊரைத் தாண்டிப் போச்சு பாய். நிக்கல. பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம். போவும்போது மண்ணு ஏதும் எடுத்துக்கிட்டாரா?"

"ஒரு பாட்டில் இருக்கும்மா. எங்க வீட்டுக் கொல்லை மண்ணு. நாங்களாக் குடுத்தோம்."

அந்தப் பக்கம் களத்தில் கதிரடிக்கிற மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அவரு கேட்டுக் குடுத்தீங்களா, கேக்காமக் குடுத்தீங்களா?"

"அவரு கேக்கல."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.